குட்டி

பன்னிரண்டாவது வரியில் ‘குட்டி’ என்று இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். குட்டியேதான்.

மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அச்சிடும் நிரல் அது. இத்தனை நாள் அவள் எழுதியது. இந்தத் தடவை ஏஐ எழுதியிருந்தது. படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான் இப்போது அவள் வேலை. வந்த எண்ணைச் சற்று நேரம் போட்டுவைக்கும் இடத்துக்கு மற்றவர்கள் ‘டெம்ப்’ என்று பேர் வைப்பார்கள். அவள் மட்டும் பதினாலு வருஷமாகத் தங்கையின் செல்லப்பேரை வைத்துவந்தாள்.

“என்னக்கா, உங்க தங்கச்சி அதுக்கும் தங்கச்சி ஆயிட்டாங்களா?” பின்னால் வந்து நின்ற டீம் லீடர் சிரித்தான்.

“ஆறு மாசமா வரிக்கு வரி விளக்கம் எழுத வச்சியே. புதுசா வர்றவங்களுக்குன்னு.”

“ஆமாக்கா.”

“ஒருத்தரும் வரலையே.”

அவன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். “அதான் வந்தாச்சுல்ல.”

அவன் நகர்ந்ததும் மேலே படித்தாள். அவள் நன்றாகத் தூங்கி எழுந்து எழுதினால் இப்படித்தான் இருக்கும். நாற்பதாவது வரியில் கண் நின்றது. பரிசோதனைக் கருவி முடிவே அனுப்பாவிட்டால், அந்த இடத்தில் பூஜ்யம் என்று போட்டிருந்தது. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கிருமி பூஜ்யம் என்று அச்சாகும். வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். வெற்று முடிவு வந்தால் ரிப்போர்ட்டையே நிறுத்திவைக்கும் தடுப்பை அவள் வேறொரு பழைய கோப்பில் வைத்திருந்தாள். அது ஒன்றுக்குத்தான் விளக்கம் எழுதவில்லை. மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா, அவளுக்கே பிடிபடவில்லை.

டீம் லீடரைக் கூப்பிட்டாள். “டேய், காரணம் சொல்லாம இதைத் திருப்பி அனுப்ப முடியுமா?”

“முடியாதுக்கா. கீழே இருக்கற காரணக் கட்டத்துல எழுதணும்.”

“எழுதினா அது படிக்குமா?”

“அது படிக்கத்தானேக்கா எழுதறோம்.”

“படிச்சதுக்கப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?”

அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனான்.

அவள் கட்டத்தைத் திறந்தாள். ‘முடிவு வெற்றாக வந்தால்’ என்று தட்டினாள். மிச்ச வாக்கியம் ஏஐயின் யோசனையாகச் சாம்பல் நிறத்தில் தானாக முளைத்தது: ‘பூஜ்யம் எனக் கொள்ளலாம்.’ அழிப்பதற்கு விரலைக் கொண்டுபோனாள். சாம்பல் எழுத்துகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன.