கீழே வைத்த பெட்டி

ஊர் கூடும் மராயேப் புல்வெளியில் பெட்டியை வைத்துவிட்டு மரபணு ஆராய்ச்சியாளர் டாக்டர் லாக்ஹார்ட் பின்வாங்கி நின்றார். மாவோரி வழக்கப்படி, விருந்தாளி கீழே வைத்ததை வீட்டார் குனிந்து எடுத்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எடுக்கப்போன தம்பி ரெவியின் சட்டையை மெரேயானா பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"அவசரப்படாதடா."

பெட்டிக்குள் அவர்களுடைய அப்பா ஹேமியின் இரத்தம் இருந்தது. இருப்பதாக லாக்ஹார்ட் சொன்னார். மாவோரிகளின் முன்னோர் எந்தத் தீவுகள் வழியாக வந்தார்கள் என்று ஆராய, அப்பா உயிரோடிருந்தபோது லாக்ஹார்டின் ஆட்கள் ஒரு குழாய் நிறைய வாங்கிப் போயிருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் உடம்பின் ஒரு பங்கு எவனுடைய குளிர்பெட்டியிலோ கிடப்பது மெரேயானாவை அரித்துக்கொண்டே இருந்தது. அப்பா முழு மனிதராக மண்ணுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெட்டியை வைப்பதற்கு முன் லாக்ஹார்ட் ஆராய்ச்சி முடிவையும் சொல்லியிருந்தார். தாய்வழி மரபணு அடையாளங்கள் தைவான் பக்கம் கைகாட்டுகின்றனவாம். தகப்பன்வழி அடையாளங்கள் பெரும்பாலும் நியூகினி பக்கமாம்.

"அப்போ பொம்பளைங்க படகுல வந்தாங்க, ஆம்பளைங்க வழியில தொத்திக்கிட்டாங்க. எம் புருஷன் வந்த மாதிரியே!" என்றாள் மெரேயானா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இத வச்சு என்ன பண்ணப் போறீங்க டாக்டர்? நீங்களும் கலந்து வந்தவங்கதானே, உங்களுக்கு எதுக்கு நிலம்னு நாளைக்குக் கோர்ட்ல கேக்கவா?"

"கலக்காத ஜனம் எங்கயும் இல்லம்மா. எங்காளுங்களும் அப்படித்தான்."

"உங்க நிலத்த யாரும் கேக்கலையே."

அவள் விடவில்லை.

"போன வருஷம் தொலஞ்சுபோச்சுன்னீங்க. இப்போ கெடச்சிருச்சுங்கறீங்க. நான் கத்துவேன்னு பயந்து எவன் ரத்தத்தையாவது ஊத்திக் கொண்டாந்தீங்களா?"

"குழாய்ல ஒட்டியிருந்த பேரு உரிஞ்சுபோச்சு," என்றார் தயங்கியபடி. "வரிசைய வச்சுத்தான் இவர்னு எடுத்தோம். சந்தேகமா இருந்தா ஒரு வழி இருக்கு. நீங்க கொஞ்சம் எச்சில் குடுத்தா ஒத்துப்பாத்துச் சொல்லிடறோம்."

"அக்கா, அப்பாவ விடணும்னா உன்னப் பிடிச்சு வச்சுக்குவாங்களாம்," என்றான் ரெவி.

மெரேயானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளை நம்பக் கூடாது, இவர் பேச்சில் பாதிகூட உண்மையாக இருக்காது என்று மனம் அடித்துச் சொன்னது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது பெட்டியின் மூடியில் வெயில் பட்டு நீர் முத்துமுத்தாக வழிவதைப் பார்த்தாள். உள்ளே அப்பாவாக இருந்துவிட்டால்? மறுபடியும் அந்தக் குளிருக்கே திருப்பி அனுப்புவதா?

குனிந்தாள். பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எச்சில் கெடையாது," என்றாள்.

அப்பாவின் கல்லறையோரம் ரெவி தோண்டிய குழியில் குழாயை அவளே இறக்கி, மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினாள். அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்பதே தெரியாதது அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

"அப்பா, இது நீதானான்னு எனக்குத் தெரியல," என்றாள். "வேற யாராவதுன்னா, பாவம், அவரு பிள்ளைங்களும் எங்கயோ தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. கொஞ்சம் நகந்து எடம் குடு."