அத்தானின் மூக்கும் நாற்பது செல்களும்

1
அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், தன் மூக்குக்கு ஒருமுறை விலை சொன்னார்: இரண்டு மாடி வீடு, பேரம் கிடையாது. ரோஜாத் தைலத்தை முகர்ந்தே கலப்படத்தைச் சொல்லிவிடும் மூக்கு. அவருடைய வாசனைத் தைல வியாபாரமே அதை நம்பித்தான். அந்த மூக்குக்குள் ஒரு கட்டி முளைத்த பிறகுதான் இந்தக் கதை எனக்குத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

2
(முதல் தொடக்கம்: "எலக்ட்ரான் நுண்ணோக்கி மாய விளக்கைப் போல மின்னி— " அடித்துவிட்டேன். அது மின்னவில்லை. பழைய பீரோ மாதிரி நின்றது. 'சாயாதீர்' என்று ஒட்டியிருந்தார்கள்.)

விஷயம் இதுதான். சாதாரண நுண்ணோக்கியில் கட்டி இன்னதென்று பிடிபடவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செல்லுக்குள் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மோப்ப நரம்பில் பிறந்த அபூர்வக் கட்டி. நரம்போடு அறுக்க வேண்டும், வாசனை போய்விடும். தெரியாவிட்டால் வேறு வகை, மருந்து போதும்.

3
"நாப்பது செல் பாத்தாச்சு. ஒரு புள்ளிகூட இல்ல" என்றார் டாக்டரம்மா.

அக்கா என் கையை நசுக்கினாள். அத்தான் மட்டும் கேட்டார்: "சாம்பிள் எங்கேருந்து எடுத்தீங்கம்மா?"

"கட்டியோட ஓரத்துல. கடுகைவிடச் சின்னத் துண்டு."

"டின் வாய்ல மேலாக எடுத்த சொட்டை மோந்து நான் எந்தச் சரக்கும் வாங்கினதில்ல. நடுவுலேருந்து எடுங்க."

"இது சந்தை இல்லீங்க."

"சந்தையிலயே அடியில எடுத்துக் காட்டுறான்மா."

அக்கா சீறினாள்: "நல்லதா சொல்லிட்டாங்கல்ல? வாய மூடிட்டு எந்திரிங்க!"

"மலிவா குடுத்தாத்தான்டி சந்தேகப்படணும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார் என எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். "இன்னொரு துண்டுக்கு எழுதித் தர்றேன்" என்றார். அதே அர்த்தம்தான், கௌரவம் குறையாத பாஷை.

4
முடிவு அ: நடுத்துண்டிலும் புள்ளி இல்லை. அத்தான் ஆனந்தமாக— (நானே அடித்தேன். இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: புள்ளிகள். கேட்டு வாங்கித் தன் மூக்கையே இழந்த வியாபாரி— (இந்தப் பக்கத்தை அக்கா கிழித்துவிட்டாள். "உனக்குக் கதை. எனக்குப் புருஷன்டா.")

5
இன்று காலை, நடுத்துண்டு. திரையில் செல்கள் ஒவ்வொன்றாக வர, லாரியிலிருந்து சரக்கு இறக்குவதுபோல் அத்தான் விரல் மடக்கி எண்ணினார். என் கதை மறந்து நானும் எண்ணினேன்.

"முப்பத்தொன்பது. இதுவரைக்கும் இல்ல" என்றார் டாக்டரம்மா.

"போதுமே" என்றாள் அக்கா. "ஒண்ணுதானே?"

"நாப்பதுன்னு பேசினா நாப்பது" என்றார் அத்தான்.

நுண்ணோக்கியின் குமிழ் திரும்பியது. படம் மங்கி, தெளியத் தொடங்கியது. முடிவை எழுதமாட்டேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்குப்படி நான் திரும்பிக்கொள்கிறேன். நீங்கள் பாருங்கள்.

ஓரத்துண்டு: நாற்பது, புள்ளி இல்லை.
நடுத்துண்டு: முப்பத்தொன்பது, புள்ளி இல்லை.
பாக்கி: ஒன்று.