சரளைப் பங்கில் நின்ற மரங்கள்

அப்பாவின் நிலத்தைப் பிரித்த அன்று, சீட்டுப் போட்டுப் பார்க்கலாமே என்று தங்கை கேட்டாள். "மூத்தவன் எடுத்தது போகத்தான் இளையவளுக்கு" என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டான். கிணற்றுப் பக்கத்துக் கறுப்பு மண் அவனுக்குப் போயிற்று. அவளுக்குக் கிடைத்தது வெறும் சரளை. புல்கூட நாலு தடவை யோசித்துத்தான் அங்கே முளைக்கும். அம்மா வாயைத் திறக்கவில்லை. தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ்.

அந்த ஆஸ்பத்திரி வேலியில் கிளைரிசிடியா மரங்களைக் கழித்துக் குவித்திருந்தார்கள். எந்த மண்ணில் நட்டாலும் பிடித்துக்கொள்ளும், மண்ணுக்கும் உரம் கொடுக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். மணிக்கட்டுப் பருமனில் ஆளுயரக் கம்புகளாகப் பொறுக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் மழைக்கு முன் அடியைச் சாய்வாகச் சீவி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, வரிசை வரிசையாக நட்டாள். ஒரு மாதத்தில் கணுவெல்லாம் இலை விட்டது.

"விறகை நட்டு விவசாயம் பண்றா" என்று வரப்பில் நின்று அண்ணன் சிரித்தான்.

அவள் இரண்டாம் வருஷத்திலிருந்து, மூன்று நான்கு மாதத்துக்கொரு தடவை இடுப்புயரத்துக்கு மேல் கழித்து, தழையை வரிசைகளுக்கு நடுவே பரப்பினாள். ஒருநாள் வேரைத் தோண்டிப் பார்த்தாள். மிளகு மிளகாக முண்டுகள் இருந்தன. ஒன்றைக் கிள்ளினாள், உள்ளே சிவந்திருந்தது. காற்றிலிருக்கும் சத்தை வேர் பிடித்து வைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். லீவு நாள் முழுக்க அந்த மண்ணில்தான் கிடந்தாள். ஐந்தாம் வருஷம் சரளைக்கு மேலே நாலு விரல் கறுப்பு மண், மண்புழுவோடு. மரங்களுக்கு நடுவே போட்ட சோளம் அண்ணன் சோளத்தைவிடத் தலை உயர்ந்து நின்றது.

அண்ணன் சர்வேயரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அப்பப் பிரிச்சது சரியில்ல. இப்ப சீட்டுப் போட்டுக்கலாம்."

அவள் கையிலிருந்த தழையைக் கீழே போட்டாள். "அன்னைக்கு நான் கேட்டப்ப எங்க போச்சு உன் சீட்டு?"

"கூடப்பிறந்தவன்தானே, விட்டுக் குடும்மா" என்றாள் அம்மா.

"இதே வார்த்தைய அன்னைக்கு அவன்கிட்ட சொல்லியிருந்தா வாயில இருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? பொறுத்துப் போறது எனக்கு மட்டும்தான் விதியாம்மா?"

சர்வேயர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "பதிஞ்சாச்சு சார். இவங்க சம்மதிக்காம ஒண்ணும் நடக்காது" என்று நாடாவைச் சுருட்டினார்.

மறுநாள் அவள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தபோது, வரப்பை ஒட்டிய ஒரு வரிசை முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்தது. நாற்பது மரங்கள். அண்ணன் வீட்டுத் திண்ணையில் அரிவாள் சாய்ந்திருந்தது. அதை ஒளிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் யூனிபாரத்தோடேயே நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

"வேலி மரம்தானேம்மா, வெட்டினா தானா தழையும்" என்றார் இன்ஸ்பெக்டர். "அண்ணன் தங்கச்சி விவகாரம். வீட்டுக்குள்ள பேசி முடிங்க."

"தழையும் சார். அதுக்காக வெட்டினது இல்லேன்னு ஆயிடுமா? உங்க கையில வெட்டுப்பட்டு என்கிட்ட வந்தா, காயம் தானா ஆறிடும், வெட்டுனவன்கிட்ட பேசிக்குங்கன்னு அனுப்பிடவா?"

அவர் பேனாவைத் தேடினார். புகாரை எழுதி வாங்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அம்மா அழுதுகொண்டு வந்தாள். குடும்ப மானம் போயிற்று என்றாள்.

"மானம் அரிவாளோட போச்சு, புகாரோட இல்ல" என்றாள் மகள். புகாரைத் திரும்பப் பெறவில்லை. அண்ணன் ஸ்டேஷனில், இனி அவள் எல்லைக்குள் கால் வைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

வெட்டிப் போட்ட நாற்பது மரத்துத் தழையையும் அவளே இழுத்துப் பரப்பினாள். அதற்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் வரப்பில் நின்று அம்மா, "கோபம் ஆறிடுச்சாடி?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் அவள், குனிந்த தலையை நிமிர்த்தாமல்.