எண்பது பெஞ்சுக்கு ஒரு சாம்பிள்

திருப்பூரின் நடுவில் இருந்த பழைய மைதானத்தை நல்ல திடலாக்க மாநகராட்சி முடிவு செய்தது. தரைக்குக் கல், நிழலுக்கு மரம், உட்கார எண்பது காங்கிரீட் பெஞ்சு. பெஞ்சு வேலை ஒப்பந்தக்காரர் கிட்டுசாமிக்கு. அவர் ஒரு பெஞ்சைச் சாம்பிளாக வார்த்துத் திடலில் வைத்தார். தானே உட்கார்ந்தும் பார்த்தார். அவர் உயரம் ஆறடி இரண்டு இன்ச். பெஞ்சு பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை அதில் முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். விளாத்திகுளத்துக்காரி, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் ஆறு நாள் மேசை முன் நின்றபடி துணியில் குறை தேடுபவள். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் உள்ளே புதைந்திருக்கும். ஞாயிறு மதியம் இந்தத் திடலில் உட்காரும் மூன்று மணி நேரம்தான் அந்தக் கால்களுக்கு லீவு. இப்போது அவை தரைக்கு ஆறு இன்ச் மேலே தொங்கின. பத்து நிமிடத்தில் தொடை மரத்துப்போயிற்று.

பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தாள். ஓட்டையோ கறையோ கண்ட இடத்தில் செக்கிங் பெண்கள் ஒட்டும் அம்பு அது. பெஞ்சில் ஒட்டினாள். திங்களன்று கிட்டுசாமி கிழித்தார். ஷிப்ட் முடிந்து வந்து மறுபடி ஒட்டினாள். செவ்வாயன்றும் கிழித்தார், ஒட்டினாள். புதனன்று அவர் காத்திருந்து ஆளைப் பிடித்தார்.

"ஏனுங்க அம்மிணி, கவர்மெண்டு பெஞ்சுல இப்படி ஒட்டலாமுங்களா?"

"அளவு அவுட்டு அண்ணாச்சி. இருபத்திநாலு இன்ச்சு இருக்கு."

"நானே உக்காந்து பாத்தனுங்களே. ஜம்முனு இருந்துச்சுங்க."

"உங்க காலுக்கு ஒட்டகமே தோத்துப்போகும். ஊர்ல மத்தவங்க உக்கார வேண்டாமா?" அவள் குனிந்து பெஞ்சின் அடியைப் பார்த்தாள். "எங்க கம்பெனி பேக்கிங் செக்சன்ல அட்டைப்பெட்டி அடுக்குத மேடையும் நீங்க ஊத்தினதுதான? இது அதே அச்சுல்லா?"

கிட்டுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் வியர்வை ஏதும் இல்லை.

"நல்ல இரும்பு அச்சுங்க அம்மிணி. வீணாப் போடலாமுங்களா?"

"பெட்டிக்குக் காலு கிடையாது அண்ணாச்சி. எங்களுக்கு இருக்கு."

"அச்சை அறுத்தா அப்புறம் மேடை வேலைக்கு ஆவாதுங்க. ஞாயித்துக்கிழமை என்ஜினியர் வந்து கையெழுத்துப் போட்டார்னா எம்பதும் இதே உசரந்தானுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்."

வந்தாள். தனியாக வரவில்லை. மாநகராட்சி என்ஜினியர் நித்தீஷ் பேனா மூடியைத் திறக்கும்போது எதிரே அவளோடு சேர்த்து ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள்.

"சைஸ் செட் சார்," என்றாள் முத்துப்பேச்சி. "எங்க கம்பெனில ஸ்மால்ல இருந்து டபுள் எக்செல் வரைக்கும் தைச்சுப் பாக்காம எந்த மாடலையும் ஓகே பண்ண மாட்டாங்க. அபிராமி, நீ ஸ்மால். ஏறு."

நாலே முக்கால் அடி அபிராமி இரண்டு கையையும் ஊன்றி எக்கினாள். ஏறியவள் காலை ஆட்டியபடி, "சார், இறக்கி விடுறதுக்கு ஆள் போடுவீங்களா?" என்று கேட்டாள். எட்டு மாத வயிற்றோடு அனுப்ரியா ஏறவே மறுத்துவிட்டாள். கிழட்டு வாட்ச்மேன் ராக்கையா பாதி ஏறி வழுக்கி, நித்தீஷ் மேலேயே சாய்ந்தார். கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் மட்டும் கால் ஊன்றி உட்கார்ந்தார். அவரும் கிட்டுசாமி உயரம்.

நித்தீஷ் பேனாவை மூடினார். "அச்சை மாத்துங்கண்ணா."

"முடியாதுங்க சார். அறுத்தா போச்சுங்க."

"எதுக்கு அறுக்கணும்?" என்றாள் முத்துப்பேச்சி. "பெஞ்சுக் கால் அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்கு. கவுத்திப் போட்டு, காலை மேல வச்சுத்தான ஊத்துதீங்க? ஆறேழு இன்ச்சு குறைச்சு ஊத்தி நிறுத்துங்க. அச்சும் அப்படியே இருக்கும்."

கிட்டுசாமி குனிந்து பெஞ்சுக் காலின் அடியைத் தடவிப் பார்த்தார். தெரியாத விஷயமல்ல, இன்னொருத்தர் சொல்லிக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கேட்ட உடனே ஒத்துக்கொண்டால் அவர் கிட்டுசாமி இல்லை.

"இருபத்திரண்டு வெச்சுத் தர்றனுங்க."

"பதினஞ்சு."

"என்ன அம்மிணி, பால்வாடி கட்டறமுங்களா? இருபது."

"பதினாறு. வா அபிராமி, போலாம், இங்க சரிப்படாது."

"அட, நில்லுங்க! பத்தொம்பது."

"பதினேழு."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பதினேழரை. இதுக்கு மேல பேசாதீங்க."

முத்துப்பேச்சி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள். கம்பெனி வாசல் டீக்கடைப் பெஞ்சை அவள் வியாழக்கிழமையே டேப் வைத்து அளந்திருந்தாள். பதினேழரை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு லாரியில் பெஞ்சுகள் வந்து இறங்கின. முத்துப்பேச்சி உட்காரவில்லை. டேப்போடு ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்ந்தாள். முப்பத்திநாலாவதில் அம்பு ஒட்டினாள்.

"ஒரு இன்ச்சுதானுங்களே அம்மிணி!"

"கூடக்குறைய கால் இன்ச்சுதான் டாலரன்ஸ் அண்ணாச்சி. ரிஜெக்ட்."

முணுமுணுத்துக்கொண்டே கிட்டுசாமி அதை லாரியில் திருப்பி ஏற்றச் சொன்னார். மீதியெல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

"செக்கிங் முடிஞ்சுதுங்களா?" கிட்டுசாமி பயந்துகொண்டே கேட்டார்.

"பெஞ்சு முடிஞ்சுது." அவள் கண்ணைத் திறந்தாள். மரம் நடத் தோண்டிய குழிகள் வெயிலில் காலியாகக் கிடந்தன. "அது யாரு கான்ட்ராக்டு?"

"என்னுது இல்லீங்க!"

முத்துப்பேச்சி பைக்குள் கைவிட்டு ஸ்டிக்கர் ரோலைத் தேடினாள்.