ஏழாம் கொட்டகையின் கதவு

காலையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் ரேகா மதியம் வரை எழுந்திருக்க மாட்டாள். மரக்காணம் உப்பளத்தில் சிதறிக்கிடந்த, உப்புநீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. மோட்டார் ஓடினாலும் நின்றாலும், சூடேறினாலும், கதவு திறந்தாலும் அது ஒரு வரிச் செய்தி அனுப்பும். எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்து அவள் திரையில் வரிசையாக ஏறும். சாதாரணச் செய்தி பச்சை, கவனிக்க வேண்டியது மஞ்சள், ஆபத்து சிவப்பு. போன வருஷம்வரை கொட்டகைக்கு ஒரு காவல்காரர் இருந்தார். இப்போது எல்லோருக்கும் சேர்த்து ரேகா ஒருத்திதான்.

ஏழாம் கொட்டகை அவள் உயிரை வாங்கியது. கதவு திறந்தது, கதவு மூடியது என்று மஞ்சள் வரிகள் ஓயாமல் வந்து மற்ற செய்திகளைத் திரையைவிட்டே தள்ளின. திருட்டோ என்னவோ என்று ஒருநாள் நேரிலேயே போய்ப் பார்த்தாள்.

உள்ளே, உப்பு வாரும் பெண்களில் ஒருத்தியான பொன்னி ஈரச் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். ஆறு மாத வயிறு. சுவரோரம் தூக்குச்சட்டிகள் இருந்தன. கூட வேலை செய்யும் வேலம்மாள் தன் வெடித்த பாதங்களில் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம் கிடையாது. அந்தப் பக்கம் கூரை என்று இருந்தது அது ஒன்றுதான்.

"இன்னாம்மா, எங்களப் புடிக்க வந்தியா?" என்றாள் வேலம்மாள்.

"நீங்க கதவத் தொறந்தா எனக்கு ஆபீசுல தெரியுதுக்கா."

"மேனேஜருக்கு?"

"இன்னும் தெரியாது."

"சொல்லிடாதம்மா. இவ வேற எங்க போயி படுப்பா? காவலுக்கு இருந்த பாவாட அண்ணன் அவரே தொறந்து வுடுவாரு."

ரேகாவுக்கு மனசு இளகிவிட்டது. கதவுச் செய்தியை மட்டும் மறைக்கும் வித்தை அவளுக்குக் கைவரவில்லை. அதனால் ஏழாம் கொட்டகையின் செய்திகள் மொத்தத்தையும் திரையில் வராமல் மறைத்தாள். அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சில நாள் பார்க்கவும் செய்தாள். திரை சுத்தமாக இருக்க இருக்க அந்தக் கொட்டகையின் நினைப்பே போய்விட்டது.

வைகாசி வெயிலில் ஒரு நாள் ஏழாம் கொட்டகை மோட்டார் சூடேறியது. சிவப்புச் செய்தி ஒழுங்காக ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. புகை கிளம்பியதும் பெண்கள் பொன்னியை வெளியே இழுத்துப் போட்டார்கள். வேலம்மாள் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, கூடை கூடையாக உப்பைக் கொட்டி நெருப்பை அமுக்கினாள். மோட்டார் போயிற்று, கொட்டகை தப்பியது.

"பொம்பளைங்க உள்ள பூந்து எதையோ நோண்டியிருக்காளுங்க" என்றார் மேனேஜர் பக்தவச்சலம்.

உண்மையைச் சொன்னால் ரேகாவின் வேலை போகும். இந்த வேலைக்காகத்தான் பிரம்மதேசத்திலிருந்து தினம் பஸ்ஸில் நசுங்கி வருகிறாள். இருந்தும் சொல்லிவிட்டாள்.

"அவங்க இல்ல சார். செய்தி வந்திருக்குது. நான்தான் மறைச்சு வெச்சிருந்தேன்."

மேனேஜர் அவள் திரையை எட்டிப் பார்த்தார். "உன்ன அனுப்பிட்டா இந்த மிஷினுக்கு ஆளுக்கு எங்க போறது? படிச்ச பொண்ணு. இனிமே ஜாக்கிரதையா இரு." பிறகு வாசலில் நின்ற ஆபீஸ் பையனிடம் திரும்பினார். "மோகன், ஏழாம் கொட்டகைக்கு ஒரு பூட்டு வாங்கியா. எல்லாக் கொட்டகைக்கும் சேத்தே வாங்கியா."

"சார், நெருப்ப அணைச்சதே அவங்கதான். தப்பு என்னோடது."

"அதான் உன்ன மன்னிச்சிட்டேனேம்மா."

புது மோட்டார் வந்த அன்று ஏழாம் கொட்டகையின் செய்திகளை அவள் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள். மோட்டார் ஓடுகிறது என்று பச்சை வரி வந்தது. மதியம்வரை ஒரு மஞ்சள்கூட இல்லை. மேனேஜர் அவள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரேகா டிபன் பாக்ஸோடு பின்வாசலுக்கு வந்தாள். உச்சி வெயிலில் உப்புக் குவியலுக்கு நிழலே இல்லை. தூரத்தில், பூட்டிய ஏழாம் கொட்டகைச் சுவரில் சாய்ந்து பொன்னி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பொன்னி தூக்குச்சட்டியிலிருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை வேலம்மாள் ஒரு சாக்கை இரண்டு கையாலும் அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.