மூக்கன் உரைக்காத பெயர்

தென்மேல் காற்று ஓய்ந்தும் ஓயாமலும் உழலும் ஆவணித் திங்களின் பிற்பகற் பொழுதிலே, இலங்கை மலைநாட்டில் டயகமத்துக்கு மேலுள்ள கருங்காட்டினின்று புறப்படும் மூடுபனியானது, பட்டிக்குத் திரும்பும் வெள்ளாட்டு மந்தையைப் போல் ஒன்றையொன்று நெருக்கியும் முந்தியும் சரிவுகளில் இறங்கி, தைலமரங்களின் உச்சிகளை மறைத்து, தேயிலை ஆலையின் நெடிய கூரையை விழுங்கி, லிந்துலைப் பள்ளத்தாக்கு முழுவதையும் பால்நிறக் கடலாக்கிவிட்டு, தொழிலாளர் வாழும் நெடுவரி வீடுகளின் வாயில்தோறும் வந்து நிற்கும். அவ்வேளையில் மலைமேல் கொழுந்து கொய்யும் மகளிரின் முகங்களை எவரும் காணார். அவர்தம் பேச்சொலியை மட்டுமே கேட்பர். பின்னர் காற்றொன்று வீச, பனித்திரை இமைப்பொழுது விலகி, கண்ணுக்கு எதையேனும் காட்டிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். கற்றறிந்த அன்பரே, கண்ணும் செவியும் ஒன்றற்கொன்று சான்றாக நிற்க மறுக்கும் அப்பொழுதிலேதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவாண்டொன்றில், இக்கதைக்குரிய மனிதன் ஓடைக்கரையில் மண்டியிட்டிருந்தான்.

பத்திநாதன் என்பது அவன் பெயர். லிந்துலைக் காவல் நிலையத்துக் காவலன். அவ்வோடை பாயும் தேயிலைத் தோட்டத்து நெடுவரி வீடொன்றிலேயே பிறந்து, மறைப்பள்ளியில் நாலெழுத்துக் கற்று, சிங்களமும் ஆங்கிலமும் ஒருவாறு பேசப் பழகி, காக்கியுடை அணியும் நிலைக்கு உயர்ந்தவன். ஞாயிறு தவறாது திருப்பலி காண்பான். எவரிடமும் கைநீட்டிப் பெறான். அதனால் கடைத்தெருவில் அவனைப் பற்றிய நகைமொழி ஒன்று உலவிற்று: "பத்திநாதருக்கு வாழைப்பழம் குடுத்துப் பாருங்க. பழத்தையும் திங்கமாட்டாரு, தோலையும் தொடைச்சுத் திருப்பிக் குடுத்துருவாரு!" கேட்டு அவனும் சிரிப்பான். நேர்மை நகைப்புக்கு உரியதாயிருந்த வரையில் அதன் பாரம் அவனுக்குத் தெரிந்ததில்லை.

அன்று குறுக்குவழியே இறங்கி வந்தவன் முனகலொன்றைக் கேட்டு ஓடைப்பக்கம் திரும்பினான். அங்கே பாசிபடர்ந்த பாறையின் அடியில், தலை பிளந்து, குருதியும் நீரும் கலந்தோட, மூக்கன் என்னும் தொழிலாளி கிடந்தான். வழுக்கி வீழ்ந்தானோ, வீழ்த்தப்பட்டானோ, பாறையும் பனியுமே அறியும். "மூக்கா! யாருய்யா? என்னய்யா ஆச்சு?" என்று பத்திநாதன் கதறினான். கிடந்தவன் கண்விழித்தான், உதடுகள் பிரிந்தன, குவிந்தன, மீண்டும் பிரிந்தன. வெளிவந்தது மூச்சு, சொல்லாக அது திரளவில்லை. சாவு அணுகிவிட்டதென உணர்ந்த காவலன், தன் குடும்பத்தார் சாவுப்படுக்கைதோறும் செய்யும் வழக்கப்படி, சாகின்றவன் செவியருகே வாய்வைத்து, சேசு மரி சூசை என்னும் மூன்று திருப்பெயர்களையும் மெல்ல மெல்ல ஓதினான். மூக்கன் முருகனை வணங்கியவன் என்பதை அவன் அறிவான். ஆயினும் தனியே சாகும் ஒருவனுக்குத் துணையாக வேறெதனைத் தருவது என்று அவன் அறியான். அவ்வேளை பனி விலகிற்று. மேலே கொழுந்து கொய்துகொண்டிருந்த மகளிர், மூக்கனின் முகத்தோடு முகம் வைத்து நெடுநேரம் குனிந்திருக்கும் காவலனைக் கண்டனர். பனி மீண்டும் மூடிற்று. மூச்சும் நின்றது.

அதற்கு முந்திய நாள் காலையில், வேலைக்கு ஆள்பிரிக்கும் பெரட்டுக் களத்திலே, பெரிய கங்காணி நாகலிங்கத்தோடு மூக்கன் வாதிட்டதைத் தோட்டமே கண்டிருந்தது. மூக்கன் மனைவி வேலாயியைத் தன் இல்லத்து வேலைக்கு வருமாறு கங்காணி பணித்தான். "என் பொஞ்சாதி மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தவங்க. ஒங்க வீட்டு அடுப்பூத வரலீங்க," என்றான் மூக்கன், எல்லோர் செவியும் கேட்க. "வாய் நீளுதுடா ஒனக்கு. அறுக்க வேண்டிய நேரத்துல அறுக்கிறேன்," என்றான் கங்காணி. ஆகவே மூக்கனின் சாவுச்செய்தி மலையேறியபோது, அதனோடு கங்காணியின் பெயரும் ஏறியதில் வியப்பில்லை. மகளிர் கண்ட காட்சியோ அப்பெயருக்குச் சான்றாயிற்று.

"நாங்க எங்க கண்ணால பாத்தோம்ல! காதைக் கொண்டுபோயி அவன் வாயில வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு," என்றாள் அழகம்மா என்பவள்.

"அழகம்மா அக்கா, நான் ஒண்ணும் கேக்கலங்க," என்றான் பத்திநாதன்.

"ஆமாமா, போலீசுக்காரரு இப்பச் சொல்லுவாரா? பொத்திவச்சுக் கோர்ட்டுலதான் சொல்லுவாரு! ஏய் புள்ளைகளா, அவரைப் போட்டுக் கொடையாதீங்கடி!"

அவன் மறுக்குந்தோறும் அவர்கள் கண்சிமிட்டித் தலையசைத்தனர். இல்லை என்ற அவன் சொல்லையும் ஆம் என்றே கொண்டு, வாயிலுக்கு வாயில் அவனைத் தேநீருக்கு அழைத்தனர்.

கங்காணி சிறைப்பட்டான். அவன் எத்தகையவன் என்பதைப் பத்திநாதனைவிட நன்கறிந்தார் இலர். முன்னொரு மாரிக்காலத்தில், எதிர்த்துப் பேசினான் என்று பத்திநாதனின் தந்தையை வேலைநீக்கி, பானை சட்டிகளை முற்றத்தில் எறிந்து, வீட்டுக் கதவைப் பெயர்த்தெடுத்தவன் அவனே. காய்ச்சலில் கிடந்த தாயைத் தோளிற் சுமந்து கந்தப்பளை உறவினர் இல்லம் நோக்கி நடந்த தந்தையும் மகனும், அவளை வழியிலேயே இழந்தனர். மழை நனைத்த அந்த முகத்தின் செவியிலும் அம்மூன்று பெயர்களையே சிறுவன் பத்திநாதன் ஓதியிருந்தான்.

காவல் நிலையத் தலைவர் றோலண்ட், ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கியர் குலத்தவர், கொடியவர் அல்லர், கங்காணியே கொன்றான் என்று உளமார நம்பியவர். அவர் பத்திநாதனைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் வினவினார்.

"அவன் குற்றவாளி என்பதில் உனக்கு ஐயம் உண்டா?"

"எனக்குத் தெரியாது, ஐயா."

"உதடுகள் அசைந்தன என்று நீயே கூறுகிறாய். தன்னைக் கொன்றவன் பெயரையன்றி வேறெதை அவை கூறியிருக்கும்? கண்ட சாட்சி இல்லை. நீ கூறாவிடின் அவன் நாளை வீடு செல்வான். அடுத்த மூக்கனை நீயே சென்று தூக்குவாய்."

"நான் கேட்கவில்லை, ஐயா. அவன் செவியில் இறைவேண்டல் ஓதிக்கொண்டிருந்தேன்."

றோலண்ட் கசப்போடு நகைத்தார். "முருகனடியான் ஒருவன் செவியில் உன் திருப்பெயர்களை ஓதினேன் என்று மன்றத்தில் கூறப்போகிறாயா? கங்காணியை விட்டுவிட்டு உன்னையல்லவா கல்லால் அடிப்பார்கள்!"

அச்சொல் பொய்யன்று. மெய்யைக் கூறின் பகைவன் விடுபடுவான். தன் இனத்தார் தன்னை வெறுப்பர். பெயரொன்றைக் கூறினாலோ, தோட்டம் தொழும், தலைவர் மகிழ்வார், இறந்த தாயின் மழைநனைந்த முகமும் ஆறுதல் கொள்ளும். இவ்வளவுக்கும் அவன் தரவேண்டுவது மறைநூலைத் தொட்ட வாயால் ஒரே ஒரு சொல்.

வீட்டிலும் அதே பேச்சு. அவன் மனைவி அந்தோனியம்மா, கீரை ஆய்ந்தவாறே தொடங்கினாள்.

"ஒங்கம்மா நடுவழியில செத்ததை மறந்துட்டீங்களாங்க?"

"மறக்கல."

"பின்ன என்னங்க? ஒரு பேருதானே! அந்தப் பாவிக்காக ஆண்டவரு ஒங்ககிட்ட வந்து கோவிச்சுக்கப் போறாராக்கும்!"

"நான் கேக்கலையே, அந்தோனி."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "கேக்கலன்னு ஒங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியுமா? அந்த ஓடைச் சத்தத்துல, நீங்களும் வாயத் தொறந்து ஓதிக்கிட்டு இருக்கையில, அவரு சொன்னது காதுல விழுகாமப் போயிருக்கலாம்ல?"

மனைவியின் அவ்வினா, கூரையின் சிறுதுளை வழியே இறங்கும் மழைநீரைப் போல, அவன் உள்ளத்தின் நடுவிடத்திற் சொட்டத் தொடங்கிற்று. அதன்பின் அவன் காவல்வழி நடக்கும் பிற்பகல்களில், பனி இறங்குந்தோறும் மூக்கன் வரலானான். குருதி இல்லை, கூக்குரல் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இடையளவு வெண்மையில் மூழ்கி நின்று, உதடுகளைப் பிரித்தான், குவித்தான், மீண்டும் பிரித்தான். முதலில் மூச்சே கேட்டது. பின்னொரு நாள் நாவெழும் ஒலியொன்று கேட்டது. மற்றொரு நாள், நாகம் சீறினாற்போல் ஓர் அசை. நாளுக்கு நாள் அவ்வாய் தெளிவுற்றது. செத்தவனைக் கண்டு பத்திநாதன் அஞ்சவில்லை. தன் நினைவைக் கண்டே அஞ்சினான். ஊரார் விருப்பமும் தன் பகையும் கூடி, உயிரற்ற வாயொன்றுக்குச் சிறுகச் சிறுகப் பேசக் கற்பிப்பதை அவன் உணர்ந்தான். உணர்ந்தும் நிறுத்த இயலாதவனானான். கோயிலில் மண்டியிட்டு, "ஆண்டவரே, நான் கேட்டதை மட்டும் எனக்கு விட்டுவையும்," என்று வேண்டினான். கல்லும் மெழுகும் மணக்கும் அவ்விருளிலும் உதடுகள் அசைந்தன.

விசாரணை நாளில் நுவரெலியா நீதிமன்றம் தோட்டத்து மக்களால் நிறைந்திருந்தது. வெள்ளைச் சேலையுடுத்த வேலாயி சுவரோரம் அமர்ந்திருந்தாள். குற்றக்கூண்டில் நாகலிங்கம் தலைப்பாகையின்றி நின்றான். அதுவரை எவரும் கண்டிராத அவனது வழுக்கைத் தலை, தோலுரித்த கிழங்கைப் போல் எளிமையுற்றுத் தோன்றிற்று. பத்திநாதன் மறைநூலை முத்தமிட்டு உறுதிகூறினான்.

"இறக்கும்போது மூக்கன் உம்மிடம் யாது கூறினான்?" என்று வினா எழுந்தது.

அக்கணத்தில், சாளரங்களுக்கு அப்பால் பனி வந்து நின்றது. அதனுள்ளிருந்து மூக்கனின் வாய் திறந்து, ஐயத்துக்கு இடமின்றி, நாகலிங்கம் என்னும் பெயரை முழுமையாக உரைத்தது. பத்திநாதன் அதனைக் கேட்டான். தன் பெயரைப் பிறர் கூப்பிடக் கேட்பது போல் அத்துணைத் தெளிவாகக் கேட்டான். ஓடைக்கரையில் கேட்டது இதுவன்று, இது பின்னர் வந்தது என்று அறிவு சொல்ல, செவியோ இதுவே, இதுவே என்று முழங்கிற்று.

"மூச்சு வந்தது, ஐயா. சொல் வரவில்லை," என்றான்.

"நெடுநேரம் குனிந்திருந்தீரே?"

"எங்கள் வழக்கப்படி அவன் செவியில் சேசு மரி சூசை என்று ஓதினேன். அவன் எதுவும் கூறவில்லை. அவன் விழுந்ததை நான் காணவில்லை. எவர் செய்தார் என்பதும், எவரேனும் செய்தாரா என்பதும் எனக்குத் தெரியாது."

மன்றம் ஒருமுறை மூச்சை உள்ளிழுத்து, பின் கடலாய் இரைந்தது. வேறு சான்று இன்மையால் கங்காணி விடுவிக்கப்பட்டான். அவன் கொன்றானா என்பது அன்றும் தெளியவில்லை, என்றும் தெளியவில்லை.

வாயிலில் கங்காணி கைகூப்பி வந்தான். "தம்பி, ஒங்கப்பாவுக்கு நான் செஞ்சதை மனசுல வைக்காம நின்னீங்களே. நம்ம வீட்டுக்கு ஒருநாள் சாப்பாட்டுக்கு வரணும்."

"ஒங்களுக்காக நான் நிக்கலீங்க. அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். சாப்பாடு வேணாம்."

தோட்டத்திலோ அவனுக்குத் திறந்த கதவுகள் மூடின. "நல்லாக் கேட்டுக்கங்கடி! செத்துக்கிட்டிருந்த மனுசனை வேதத்துல சேத்துட்டு வந்திருக்காரு. கங்காணிக்கு மட்டும் மோட்சத்தைக் காட்டிட்டாரு!" என்று அழகம்மா மலையுச்சியிலிருந்து கூவினாள், பனிக்குள் முகமின்றிச் சிரிப்பு எழுந்தது. எவனோ எறிந்த சிறுகல் அவன் தொப்பியைத் தட்டிற்று. எறிந்தது யார் என்று காவலன் திரும்பிப் பார்க்கவில்லை. றோலண்ட் அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அந்தோனியம்மா சில நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அகன்றாள், பின்னர் ஒருநாள் வழக்கத்தினும் மிகுதியாய்ச் சோறு வைத்தாள், அவ்வளவே.

வாரங்கள் கழிந்தபின் ஒரு பிற்பகலில், சாலை வளைவொன்றில், கூடையோடு வந்த வேலாயி அவனை மறித்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க சாமி பேரைத்தான் அவரு காதுல சொன்னீங்களா?"

"ஆமா தங்கச்சி. எங்க வீட்டுல அப்படித்தான் செய்வோம். வேற எனக்குத் தெரியல. தப்புன்னா மன்னிச்சிரும்மா."

முந்தானையை வாயருகே கொண்டுசென்று, தரையை நோக்கியவாறு மெல்லக் கேட்டாள்: "கங்காணி பேரை விடுங்க. அது எனக்கு வேணாம். ஏம்பேரையாவது சொன்னாராண்ணே?"

இங்கே நீதிபதி இல்லை, மறைநூல் இல்லை, உறுதிமொழி இல்லை. சொல்லப்படும் சொல்லால் எவர் கழுத்துக்கும் கயிறு வாராது. ஆம் என்னும் ஒரு சொல் போதும். வாழ்நாளெல்லாம் அவள் அதனைப் பற்றிக்கொண்டு மலையேறுவாள். இரக்கமே வடிவாய் வந்த அவ்வழைப்பு, மன்றத்து வினாவினும் கடிதாயிருந்தது. பனியை நோக்கினான். அங்கும் அவ்வாய் அசைந்து, வேலாயி, வேலாயி என்று உரைக்கத் தொடங்கியிருந்தது.

"இல்லம்மா," என்றான் பத்திநாதன். "மூச்சுத்தான் வந்துச்சு. வேற ஒண்ணுமே வரல."

வேலாயி தரையினின்று கண்ணெடுத்து அவனை நோக்கினாள். அவள் கண்கள் நிறைந்தன, வழியவில்லை.

"அப்ப, கோர்ட்டுலயும் நெசந்தான் சொல்லியிருக்கீங்க," என்றாள்.

கூடையின் கயிற்றைத் தலையிற் பொருத்திக்கொண்டு அவள் மேலேறினாள்; சில அடிகளுக்குள் வெண்மை அவளை மூடிற்று. மெய்யானது தன்னை உரைத்தவனுக்கு மலரைச் சூட்டுவதில்லை. கேட்டவளுக்கு அது கண்ணீரைத் துடைப்பதுமில்லை. ஊரெல்லாம் பொய்யன் என்று ஏசிய ஒருவனை, இழந்தவள் ஒருத்தி மட்டும், தான் நாடிவந்த ஆறுதலையே விலையாகக் கொடுத்து நம்பினாள். அந்நம்பிக்கையைச் சுமந்துகொண்டு பத்திநாதன் சாலையில் இறங்கி நடந்தான், அது கனத்தது, ஆயினும் அவன் அதனை எங்கும் இறக்கி வைக்கவில்லை.