குமிழி வராத களிமண்

மத்தியானத்திலிருந்து அவள் தன் அறையில் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இருக்கும் களிமண் கட்டியின் அடியில் வாயுவைச் செலுத்தினால், அது ஊடுருவி மேலே இருக்கும் தண்ணீரில் குமிழியாக வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. கழுத்துவலிதான் மிச்சம்.

குப்பைமேட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே மண்ணுக்குள் ஒரு களிமண் சுவர் இறங்குகிறது. குப்பை மட்கும்போது கிளம்புகிற வாயு, நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதைத் தடுப்பது அந்தச் சுவர்தான். கொஞ்ச நாளாக அக்காவின் சமையலறையில் ஒரு மாதிரி நாற்றம். அடுப்பு பற்றவைக்கலாமா கூடாதா என்று கேட்டுக் கேட்டு அக்காவே ஓய்ந்துவிட்டாள். குப்பைமேட்டில் மேற்பார்வை பார்க்கும் அத்தான்தான் சுவரிலிருந்து இந்தக் கட்டியை வெட்டி வந்து கொடுத்தார்.

ஈரக் களிமண்ணின் நுண்துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டிருக்கும். அதை நெட்டித் தள்ளிவிட்டு வழி பிடிக்க வாயுவுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். காய்ந்துவிட்டாலோ துளைகள் திறந்துகொள்ளும், மண் சுருங்கி விரிசல் விடும். லேசான அழுத்தமே போதும். இந்த வெயிலுக்குக் காயாமலா இருக்கும்? அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். கல்லுளிமங்கன் மாதிரி கட்டி அசைந்து கொடுக்கவில்லை.

அலுப்போடு அத்தானைப் போனில் பிடித்து, கட்டியை எப்படி எடுத்தார் என்று விசாரித்தாள்.

“எடுக்கும்போதே பொலபொலன்னு உதிர்ந்துச்சும்மா. அப்படியே கொண்டுவந்தா நீ திட்டுவேன்னு, நனைச்ச சாக்கைச் சுத்தி ரெண்டு நாள் வெச்சிருந்தேன். வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு.”

திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பொலபொலவென்று உதிர்கிற சுவர்தான் அங்கே நிற்கிறது.

ஜன்னலுக்கு வெளியே மேகம் கூடியிருந்தது. அறையில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியின் முள் காலையைவிட நன்றாக இறங்கியிருந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால், குப்பைக்குள் அடைபட்ட வாயுவின் கை ஓங்கும். விரிசல் கண்ட பக்கமெல்லாம் வெளியேறும். அக்காவைப் போனில் கூப்பிட்டு, சுவர் காய்ந்து உதிர்வதைச் சொன்னாள்.

“மழை வந்தா மண்ணு நனைஞ்சு அடைச்சுக்கும்னு நீதானடி சொன்னே?”

“அதுக்கு நாளாகும்க்கா. மழைக்கு முன்னாடிதான் மோசம். அடுப்பு எரியுதா?”

“உலை வெச்சிருக்கேன்.”

“அணைச்சிடு. ஜன்னலைத் திறந்து போட்டுட்டு பிள்ளைங்களோட இங்க வந்துடு.”

“உன் ஒத்தை ரூம்ல இத்தனை பேரு எங்கடி படுக்கறது?”

“உட்கார்ந்துக்கிட்டே தூங்குவோம். எனக்கு இப்பவே அப்படித்தான் வருது.”

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல்கள் திறக்கும் சத்தமும், விளையாட்டை விட்டு எழுந்த பிள்ளைகளின் முனகலும், கடைசியாகக் கதவு பூட்டும் சத்தமும் கேட்ட பிறகே அவள் போனைக் கீழே வைத்தாள்.